விரைந்து சுழலும் மோட்டார் எஞ்சின்



சித்தூர் மாவட்டத்து இராமகுப்பம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் எல்லைப் பகுதியில் உள்ள ஊர். தமிழகத்துச் சமவெளியிலிருந்து அப்பக்கம் போகிறவர்கள் பேரணாம்பட்டைக் கடந்து வி. கோட்டாவுக்கு ஏறும் மலைப்பாதையைப் பிடிப்பதுண்டு. கோலாரிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மவர் பலருக்கு இது பழகிய வழியே. ஒரு மோட்டார் வண்டியின் குணத்தை அறிய வேண்டுமானால், விற்பனைக் கூடத்தில் நின்று அதைப் பார்ப்பதைவிட, குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு இத்தகைய பாதையில் ஒரு முறை ஏறிப் பார்ப்பது மேல்.

டீசல் வண்டி முனகிக்கொண்டே, கியரை அதிகம் மாற்றாமல் ஏறிவிடும். விரைந்து சுழல்வதற்கென்றே அமைந்த பெட்ரோல் கார் அப்படியன்று. மூன்றாம் கியரில் சோர்ந்து நிற்கும். இரண்டாம் கியருக்கு இறக்கிச் சுழற்சியை உயர்த்தினால் வேறொரு வண்டியோ என்று வியக்குமாறு பாயும். இதன் காரணத்தை அறிய ஒரு சிறு கணக்குப் போதும்.

எஞ்சினின் திறன் என்பது அதன் முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. பெரிய எஞ்சின் முறுக்குவிசையால் திறன் பெறுகிறது. சிறிய எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. ஆதலின் அது வேகமாகச் சுழன்றே ஈடுகட்ட வேண்டும். வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்தது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். நிமிடத்திற்கு 4,000 சுழற்சியை ஒட்டி அது தந்தது சுமார் 50 குதிரைத்திறன். 2000ஆம் ஆண்டையொட்டி கிரேட்டர் நொய்டாவிலிருந்து வெளிவந்த ஹோண்டா சிட்டி வீடெக் காரிலும் ஒன்றரை லிட்டர் எஞ்சின்தான். அது 6,000 சுழற்சிக்கு மேல் சென்று நூற்றுக்கு மேற்பட்ட குதிரைத்திறனைத் தந்தது. இந்த இரட்டிப்பில் பெரும்பங்கு சுழற்சியினால் வந்ததே.

அப்படியானால் எல்லா எஞ்சின்களையும் வேகமாகச் சுழலவிட்டால் என்ன என்று கேட்கலாம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை நின்று திரும்ப வேண்டியிருப்பதே தடை. சுழற்சி இரு மடங்கானால் உறுப்புகளின்மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. 2008இல் வந்த ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. எம்3 செடானை எடுத்துக்கொள்வோம். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் 8,300 சுழற்சியில் 420 குதிரைத்திறன் தந்தது. அவ்வேகத்தில் பிஸ்டன் விநாடிக்கு 138 முறை மேலும் கீழும் போய் வருகிறது. உச்சியில் திரும்பும்போது அதைப் பிடித்திழுக்கும் விசை, அதன் எடையைப் போல் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. வால்வுகளோ விநாடிக்கு 69 முறை திறந்து மூட வேண்டும். அவற்றை மூடும் வில் வலுக்குறைந்தால், மூடுவதற்குள் அடுத்த முறை திறக்கும் நேரம் வந்துவிடும்.

வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. மெதுவோட்டத்திற்குப் பொருந்தும் அளவு வேகத்திற்குப் போதாது; வேகத்திற்கேற்ற அளவை வைத்தால் சந்தை நெரிசலில் எஞ்சின் இருமும். ஹோண்டா நிறுவனத்தார் 1989இல் கண்ட வீடெக் முறை இதற்கு அழகான தீர்வு. வால்வைத் தள்ளும் தண்டிலே இருவகை மேடுகள். சுழற்சி உயர்ந்ததும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு முளையை நகர்த்திப் பெரிய மேட்டை வேலைக்குக் கொண்டுவருகிறது. எளிமையும் நுட்பமும் இவ்வளவு இணங்கி வந்த யந்திர ஏற்பாடுகள் குறைவு என்பது என் எண்ணம்.

இத்தகைய எஞ்சின்களுக்குத் தமிழகத்தில் ரசிகர்கள் பெருகியதில் வியப்பில்லை. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப்போர்க் காலத்து விமானத்தளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. கோவை நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டியபோது, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த எஞ்சின் 18,000 சுழற்சியைக் கடப்பது!

ஆனால் வாங்குவோர் பெட்ரோல் செலவையே முதலில் கேட்டனர். 2003இல் வந்த அடுத்த ஹோண்டா சிட்டி, அதே ஒன்றரை லிட்டரில் 77 குதிரைத்திறனோடு நின்று, சிக்கனத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. மேல்நாட்டிலும் அந்த எம்3 செடானின் வழித்தோன்றல் 2014இல் டர்போ பூட்டிக்கொண்டு வந்தது. முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டரிலிருந்து 550 ஆக உயர, சுழற்சியின் உச்சம் தாழ்ந்தது. மலையேற டர்போவே வசதி. மேட்டுநிலத்தில் காற்று மெலிவதையும் அது ஓரளவு ஈடுசெய்யும். காதுக்கு விருந்து எது என்று கேட்டால் என் விடை வேறு.

பழைய சிட்டி வீடெக் போன்ற வண்டியை இன்றும் அன்போடு பேணி, விடுமுறைக்கு ஊர் போய் வரும் நேயர்கள் சிலர் இருக்கக்கூடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அவர்களுக்கு எச்சரிக்கை தேவை. சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை நிறுத்திக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பெட்ரோலால் வரும் வேகத்தை மட்டுமே அது தடுக்கும். இறக்கத்தில் விரைந்து வரும்போது நான்காம் கியரிலிருந்து மூன்றுக்குப் போவதாக எண்ணிக் கை தவறி முதல் கியருக்குத் தள்ளிவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிவிடும். அங்கே கருவி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துபோகும். ஆகவே வளைவுக்கு முன்பே பிரேக்கினால் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கியராக இறக்குவது நலம். புறப்பட்டவுடனே சுழற்சியை ஏற்றாமல் எண்ணெய் சூடேறும்வரை பொறுப்பதும் வேண்டும். வீடெக் முளையைத் தள்ளுவது எண்ணெய் அழுத்தமே என்று சொன்னேன். வண்டி உயர்ந்த சுழற்சியில் திடீரென்று ஊக்கம் இழந்ததாகத் தோன்றினால், மெக்கானிக்கைத் தேடிப் போகுமுன் எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பாருங்கள்.