முதலும் மானமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாணிகமும் கைத்தொழிலும் செய்து வாழும் நம்மவர் நிறைந்த இவ்வவையில், பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கும் யாம் தொழில்முதலைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதனை ஒக்கும் என்பதை அறியாதோம் அல்லோம். ஆயினும் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எம் தந்தையாரும் வாணிகரே. அவர் கடை முறிந்த கதையை இதுகாறும் யாம் எம் வீட்டிற்கு வெளியே சொன்னதில்லை. இன்று சொல்லப் போகின்றோம். அதனைச் சொல்லாமல் இப்பொருளைப் பேசுதல் நேர்மையன்று.

தந்தையார் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். சரக்கு நல்லது, பேச்சும் நல்லது, கூட்டத்திற்கும் குறைவில்லை. விற்பனையிற் பாதிக்கு மேல் ஒரே மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சென்றுகொண்டிருந்தது. அவர் முதலில் ஒரு மாதத்திற் பணம் கொடுத்தார். பின்பு மூன்று மாதம். பின்பு அடுத்த தீபாவளிக்கு என்றார். தந்தையார் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிற்குப் புத்தாடை வழக்கம்போல் வந்தது. சங்கத்திற்கு நன்கொடை வழக்கம்போற் சென்றது. அக்காளின் திருமணமும் பந்தற்குறைவின்றி நடந்தது. இவையனைத்தும் தண்டற்காரர் பணத்தில் நடந்தன என்பது எம் அன்னைக்கும் தெரியாது. முதலாண்டில் 80,000 ரூபாயாக இருந்த கடன் மூன்றாம் ஆண்டில் 3,40,000 ஆயிற்று.

கடையைப் பூட்டிய அன்று இரவு எம் சிற்றப்பா வந்தார். "அண்ணா, இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு சொல் சொல்லியிருந்தால் நிலத்தை ஒற்றி வைத்தாவது மீட்டிருப்போமே! இப்பொழுது நிலத்தை விற்றாலும் போதாதே!" என்று கண் கலங்கினார். தந்தையார் தலை நிமிராமல், "எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வேன், தம்பி?" என்றார். அன்பர்காள்! அவ்வொரு விடையே இன்றைய சொற்பொழிவின் பொருள். சிறு தொழில்களை நட்டம் கொல்வதினும், நட்டத்தை மறைக்கும் வெட்கமே மிகுதியாகக் கொல்கின்றது என்பதே யாம் சொல்ல வந்தது.

முதலில் தொழிலின் நோய் எவ்வாறு தொடங்குகின்றது என்பதைக் காண்போம். நம்மவர் பலர் விற்பனை பெருகினால் தொழில் வளர்கின்றது என்று மகிழ்கின்றனர். பேரேட்டில் ஆதாயம் இருத்தல் வேறு. கல்லாப்பெட்டியில் ரொக்கம் இருத்தல் வேறு. இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம்.

திருப்பூரிற் பனியன் தைக்கும் சிறு பட்டறை ஒன்றை மனத்திற் கொள்வோம். நூலுக்கும் கூலிக்கும் மாதம் 5 லட்சம் ரூபாய் ரொக்கமாகச் செலவாகின்றது. 6 லட்சத்திற்குப் பட்டியல் எழுதப்படுகின்றது. வாங்குவோர் பணம் கொடுப்பது 90 நாள் கழித்து என்க. திடீரென்று ஆர்டர் இரட்டிக்கின்றது. வீட்டார் இனிப்பு வழங்குகின்றனர். இனி மாதச் செலவு 10 லட்சம். வருவதோ, அடுத்த மூன்று மாதமும் பழைய பட்டியலுக்குரிய 6 லட்சமே. மாதம் 4 லட்சமாக மூன்று மாதத்தில் 12 லட்சம் குறைகின்றது. அதே மூன்று மாதத்திற் பேரேடு காட்டும் ஆதாயமோ 6 லட்சம்! ஏடு சிரிக்கின்றது, பெட்டி அழுகின்றது. இதற்கிடையில் ஜி.எஸ்.டி. வரி, பணம் வந்ததா என்று கேளாது. பட்டியல் எழுதிய மாதத்திற்கு அடுத்த மாதமே தன் பங்கைக் கேட்கும். இந்நிலையிலேதான் நல்ல தொழிலாளி தண்டற்காரர் வாயிலை மிதிக்கின்றான். அவன் சோம்பலால் வீழ்ந்தானல்லன், வளர்ச்சியால் வீழ்ந்தான்.

அற்றேல், வளர்தல் ஆகாதோ எனின், ஆகும். அளவறிந்து வளர்தல் வேண்டும். திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தை நாம் அரசர் போர்க்குரிய நூற்பகுதி என்றே மாணவர்க்கு உரைக்கின்றோம். வினையின் வலியையும் பகைவர் வலியையும் துணைவர் வலியையும் ஆராயச் சொல்லும் அவ்வதிகாரமே, வருவாய் சிறுத்திருந்தாலும் செலவு அதனை மீறாதிருப்பின் அழிவில்லை என்ற கருத்தையும் தன்னகத்தே கொண்டுள்ளது. சூழ்ச்சியும் வரவுசெலவும் இரண்டு கலைகள் அல்ல, ஒன்றே என்பது இதனாற் பெறப்படும். இன்னது செய்வேன் என்று முடிவு செய்பவன், அதற்கு எத்தனை நாள் ரொக்கம் தாங்கும் என்றும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இவ்வாறு எண்ணுவோர்க்கு மூன்று காப்புகள் உண்டு. ஒன்று, வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரித்து வைத்தல். கல்லாவிலிருந்து வேண்டும்போதெல்லாம் எடுப்பவனுக்குத் தன் தொழில் ஆதாயம் தருகின்றதா, முதலைத் தின்கின்றதா என்பது ஒருநாளும் விளங்காது. தனக்கும் ஒரு மாதச் சம்பளம் குறித்துக்கொண்டு அதற்குமேல் தொடாதிருப்பவனே கணக்கறிந்தவன்.

இரண்டு, வாரந்தோறும் ஒரு தாளில், வரும் 13 வாரங்களில் எவ்வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று எழுதிப் பார்த்தல். இஃது ஐந்தொகை எடுப்பதினும் எளிது. எட்டாம் வாரத்திற் பணம் குறையும் என்பது முதல் வாரத்திலேயே தெரியுமாயின், ஏழு வாரம் நம் கையில் இருக்கும். எட்டாம் வாரத்திலேதான் தெரியுமாயின், தண்டற்காரர் ஒருவரே கையில் இருப்பார்.

மூன்று, ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழாதிருத்தல். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அமெரிக்க நாடு இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் இறக்குமதித் தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூரில் அந்நாட்டு ஆர்டர்களையே நம்பியிருந்த பட்டறைகள் தவித்தன. பிற நாடுகளுக்கும் உள்நாட்டிற்கும் சரக்குப் பிரித்தனுப்பியவர்க்கு அவ்வடி அத்துணைக் கடுமையாகப் படவில்லை. பெரிய நாட்டின் ஆணையாயினும், எம் தந்தையாரின் மொத்த வியாபாரி சொன்ன "அடுத்த தீபாவளி" யாயினும், ஒருவரையே நம்பியவனுக்கு விளைவு ஒன்றே.

இனி, காப்புகளையும் மீறித் துன்பம் வந்துவிட்டால் என் செய்வது? நம் நாட்டுச் சட்டங்கள் சிறு தொழிலோர்க்குச் சில துணைகளை வகுத்துள்ளன. அவற்றை அறியாமையாற் கெடுவோர் ஒரு சாரார். அறிந்தும் வெட்கத்தாற் கெடுவோர் மற்றொரு சாரார்.

2006ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற நுண் தொழிலோரிடமும் சிறு தொழிலோரிடமும் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் எதுவாயினும், 45 நாட்களுக்குள் பணம் செலுத்தல் வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளே தவணை. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். மாநில அரசு அமைத்துள்ள வசதிக் குழுவில் முறையீடு செய்யலாம். மேலும், 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி சேர்த்தது. அதன்படி, இத்தவணைக்குள் பணம் கொடாதவர், அத்தொகையைக் கொடுக்கும் ஆண்டிலன்றித் தம் செலவாகக் கழித்துக்கொள்ளல் இயலாது. முற்கூறிய பட்டறைக்கு 90 நாளுக்குப் பதிலாக 45 நாளிற் பணம் வந்திருப்பின், 12 லட்சக் குறைவு 6 லட்சமாகச் சுருங்கியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இவ்வுரிமை பொருள் செய்வோர்க்கும் பணி செய்வோர்க்கும் உரியது. வாங்கி விற்கும் வாணிகரும் 2021 முதல் உத்யம் பதிவு பெறலாம் ஆயினும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கே பயன்படும். 45 நாள் விதி அவர்க்கு இல்லை. நம்மிற் கடை வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம். அவர்கள் கடன் கொடுக்கும்போதே தவணையை எழுத்தில் வாங்கிக்கொள்ளல் ஒன்றே காப்பு.

வங்கிக் கடனிலும் முறை உண்டு. தவணை தவறி 90 நாள் கடந்தால் அக்கணக்கு வாராக் கடன் ஆகின்றது. அதற்கு முன் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று படிகள் வைத்து வங்கி அதனைக் கண்காணிக்கின்றது. இப்படிகளில் நிற்கும்போதே தொழிலை மீட்பதற்கென்று மத்திய அரசு 2015இல் ஒரு நெறியை அறிவித்தது. ரிசர்வ் வங்கி 2016இல் அதனை வங்கிகளுக்கு வகுத்துக் கொடுத்தது. 25 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களுக்கு அது பொருந்தும். தொழில் நலிகின்றது என்று அஞ்சுவோர் தாமே வங்கிக்கு எழுதிக் குழுவின் ஆய்வைக் கேட்கலாம். தவணையைத் திருத்தியமைக்க வழியுண்டு.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றம் இந்நெறியைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வங்கிகள் இதனைக் கைக்கொள்ளுதல் கடமை என்றது. அங்ஙனமே தொழிலோரும் விழிப்புடனிருந்து, உரிய ஆவணங்களோடு காலத்தில் வங்கிக்குத் தெரிவித்தல் வேண்டும் என்றது. ஈட்டைக் கைப்பற்றும் நடவடிக்கைகளெல்லாம் முடியும்வரை வாய்மூடியிருந்துவிட்டுப் பின்னர் வந்து கேட்பவர்க்கு இப்பயன் இல்லை என்றும் கூறிற்று. அன்பர்காள்! எம் சிற்றப்பா அன்று இரவு சொன்னதும் இதுவேயன்றோ? காலத்திற் சொன்னவனுக்குத் துணை உண்டு. காலங்கடந்து சொன்னவனுக்கு இரக்கமே உண்டு.

தண்டற்காரரிடம் சிக்கியவர்க்கும் ஒரு சொல். நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டரசு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துள்ளது. அச்சட்டம் வாய் திறந்து முறையிடுவோர்க்கே பயன்படும்.

இதுகாறும் தனி மனிதர் செய்யத்தக்கன கூறினோம். இனிச் சங்கத்தை நோக்கி ஒன்று கூறுவோம், பெரியோர்கள் பொறுத்தருள்க. எம் தந்தையாரை வாய்மூடச் செய்தது எது? நாம் அன்றோ! ஆண்டுதோறும் நன்கொடையாளர் பெயர்களைத் தொகையோடு அச்சிடுகின்றோம். சென்ற ஆண்டு 5,000 கொடுத்தவர் இவ்வாண்டு 1,000 கொடுத்தால், அடுத்த நாளே, "கடை எப்படி?" என்று கேட்கின்றோம். பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் பந்தலின் அகலத்தை அளக்கின்றோம். "மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் மகன்" என்ற பெயர் மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொள்கின்றது. இங்ஙனம் ஆகும்போது, தவிப்பவன் எவரிடம் வாய் திறப்பான்?

1921இல் தூத்துக்குடியில் ஒரு வணிக சமூகத்தார் கூடித் தமக்கென ஒரு வங்கியையே நிறுவினர். அதுவே 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்னும் பெயரோடு விளங்குகின்றது. நாம் வங்கி நிறுவ வேண்டுவதில்லை. நமக்கு வேண்டுவது கேட்கும் செவி. சங்கத்தின் சார்பில் மூவரை நியமிப்போம்: கணக்கறிந்தவர் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், தொழிலில் ஒருமுறை வீழ்ந்து எழுந்தவர் ஒருவர். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை அவர்கள் ஓர் அறையில் அமர்ந்திருக்கட்டும். வருவோர் தம் ஏட்டைத் திறந்து காட்டட்டும். அங்குக் கேட்டது அவ்வறையை விட்டு வெளிவாராது என்று மூவரும் உறுதி கூறட்டும். பணம் கொடுப்பது அவர்கள் வேலையன்று. எவரிடம் எந்நாளில் என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்று காட்டுவதே வேலை. நன்கொடைப் பட்டியலில் இனிப் பெயரை மட்டும் அச்சிட்டுத் தொகையை விடுவோம். இதனால் சங்கத்திற்கு வருவாய் சிறிது குறையினும் குறைக. ஒரு கடை பிழைத்தால் அதுவே மிகுந்த வருவாய்.

தாய்மார்களே! நுமக்கும் ஒரு வேண்டுகோள். கணவரின் கணக்கைக் கேட்டல் அவரை ஐயுறுதல் ஆகாது. பதின்மூன்று வாரத் தாளை இருவரும் இருந்து எழுதுங்கள். எம் அன்னை அன்று அத்தாளைக் கண்டிருந்தால், தம் வளையலைத் தாமே கழற்றிக் கொடுத்திருப்பார். மெருகிடச் சென்றது என்ற பொய்யைக் கேட்டிருக்க மாட்டார்.

எம் தந்தையார் கடை போன பின்னும் பதினாறு ஆண்டு வாழ்ந்தார். பிறர் கடையிற் கணக்கெழுதி, எல்லாக் கடனையும் அடைத்தார். கடைசிக் கடனை அடைத்த நாளன்றுதான், பூட்டிய கடை இருந்த தெரு வழியே மீண்டும் நடந்து சென்றார். மானம் என்பது கடன் இல்லாதிருத்தலன்று, கடனை ஒளியாது உரைத்து ஒழுங்காகத் தீர்த்தலே என்பதை அவர் பிந்திக் கற்றார், எமக்கும் கற்பித்தார். அவர் பிந்திக் கற்றதை நம் பிள்ளைகள் முந்திக் கற்பாராக.