காய்ச்சல் ஒன்றே அவர்களின் குரல்



வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபத்தில் கூடியிருக்கிறோம். நிர்ப்பீடனம் குன்றியவர்களுக்கு வரும் தொற்றுகளைப் பற்றி இரண்டு நாள் தமிழிலேயே பேசப்போகிறோம். வைத்தியர்களோடு தாதியரும் ஆய்வுகூடத்தாரும் மருந்தாளரும் ஒரே வரிசையில் இருக்கிறீர்கள். என்னைத் தலைமை தாங்க அழைத்தவர்களுக்கு நன்றி.

இங்கிருந்து காலி வீதிக்கு நடந்தால் ஒழுங்கைக்கு ஒரு தங்கும் விடுதியாவது கண்ணில் படும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் கிளினிக் வருகிற வடக்கு, கிழக்கு மக்கள் பலர் தங்குவது இந்த அறைகளில்தான். தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறந்த பிறகு இந்தப் பயணம் குறைந்தது, நின்றுவிடவில்லை.

பல வருடங்களுக்கு முன் அப்படியொரு அறையில் ஒரு தாயும் மகனும் தங்கியிருந்தார்கள். மகனுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் மாலை காய்ச்சல் காய்ந்தது. தாய் இரண்டு பனடோல் கொடுத்தார், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. நள்ளிரவில் மறுபடியும் காய்ந்தது, மறுபடியும் பனடோல். அந்நேரத்தில் யாரைக் கரைச்சல்படுத்துவது, விடியட்டும் என்று இருந்துவிட்டார். விடிந்தபோது பிள்ளையின் கைகால் சில்லிட்டிருந்தன. அவனை வார்ட்டில் ஏற்றுக்கொண்ட வைத்தியர்களில் நானும் ஒருவன். எங்களால் காப்பாற்ற முடியவில்லை. "காய்ச்சல் விட்டிட்டுது எண்டுதானே டொக்டர் நான் இருந்தனான்" என்றார் அந்தத் தாய். அவருடைய பையில் இருந்த தாளில், காய்ச்சல் வந்தால் உடனே வரும்படி எழுதித்தான் இருந்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.

இந்த உரையில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தாளைப் பற்றியதுதான்.

காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்வது ஏன்? ஒரு புண் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது என்றால் அது வெள்ளணுக்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். அந்த அணுக்கள் இல்லாதவருக்கு நியூமோனியா வந்தாலும் சளி வராது. ஊசி ஏற்றிய இடத்தில் கிருமி புகுந்தாலும் சீழ் வராது. லுகேமியா நோயாளரில் நியூட்ரோபில் அணுக்கள் குறையக் குறையத் தொற்று ஏறுவதை ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும் 1966இல் எண்ணிக்கையோடு காட்டினார்கள். ஒரு மைக்ரோலீற்றரில் 500க்குக் கீழ் போனால் ஆபத்து, 100க்குக் கீழ் போனால் பேராபத்து. அந்த நிலையில் உடம்புக்கு மிஞ்சியிருக்கிற ஒரே குரல் காய்ச்சல். பனடோல் அந்தக் குரலை அடைக்கிறது, கிருமியைத் தொடுவதில்லை. 38 பாகை செல்சியஸ் தாண்டியவர் வாசலுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய நாளத்தில் நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும். குருதி மாதிரியை எடுத்துவிட்டு மருந்தை ஏற்றுங்கள், அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். இளைய வைத்தியர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆனால் நிர்ப்பீடனம் குன்றியவர் என்றதும் புற்றுநோய் வார்ட்டை மட்டும் நினைப்பது நம்முடைய பெரிய பிழை. இந்த நாட்டில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை 1985இல் தொடங்கியது; அப்படி மாற்றிக்கொண்டவர்கள் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தோடு வாழ்கிறார்கள். மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் இருக்கிறார்கள். எல்லாரையும் விடப் பெருந்தொகையாக, கவனிப்பாரில்லாமல் இருப்பவர்கள் சீனி வருத்தக்காரர். கட்டுப்படாத நீரிழிவும் எதிர்ப்பாற்றலைத் தின்னும்.

அவர்களை அதிகம் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரங்கூனில் 1911இல் அதை முதலில் இனங்கண்டு அடுத்த வருடம் எழுதியவர்கள் இருவர்: அல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி. இரண்டாவது பெயர் நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள். ஆனால் நம் மாணவர்களில் அதை அறிந்தவர் சிலரே. இலங்கையில் முதல் நோயாளரை டெனியும் நிக்கோல்ஸும் 1927இல் பதிவு செய்தார்கள். அவர் கொழும்பில் தேயிலைத் தரகராக இருந்த ஓர் ஐரோப்பியர். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த நோய் நம் நாட்டில் அநேகமாகப் பேச்சில்லாமல் கிடந்தது. எனோகா கொரியா, தர்ஷன் டி சில்வா, பேராசிரியை வசந்தி தேவநேசம் ஆகியோர் முறையாகத் தேடத் தொடங்கியதும் 2006 முதல் 2017 மே வரை 250 பேரில் உறுதியானது, ஒன்பது மாகாணங்களிலும். கிருமி புதிதாக வரவில்லை. நாம் பார்க்கத் தொடங்கினோம், அவ்வளவுதான்.

அது மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் பக்டீரியா. நோயாளரில் பெரும்பாலானோர் நீரிழிவுக்காரர். நியூமோனியாவாகவும் வரும், ஈரலில் சீழ்க்கட்டியாகவும் வரும், காசநோய் போல மாதக்கணக்கில் இழுத்தும் ஏமாற்றும். பென்சிலினுக்கும் ஜென்டமைசினுக்கும் பெரும்பாலும் அடங்காது. ஆய்வுகூடத் தட்டில் வளர்ந்தாலும், வெளியிலிருந்து கலந்த கிருமி என்று எறியப்பட்டுவிடும். ஆய்வுகூடத்தில் இருக்கும் தம்பி தங்கையரிடம் என் வேண்டுகோள்: சீனி வருத்தக்காரரின் குருதியில் சூடோமோனாஸ் போல ஒன்று வளர்ந்தால் எறியாதீர்கள், வார்ட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். செப்டாசிடிம் அல்லது மெரொபெனம் குறைந்தது பத்துப் பதினான்கு நாள், அதன்பின் கோட்ரைமொக்சசோல் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். சுகம் வந்ததும் நடுவில் விட்டவருக்கு நோய் திரும்பி வரும்.

மழைக்காலம் வந்தால் களனி ஆறு பெருகுகிறது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு சேற்றை வழிப்பவர்களில் சீனி வருத்தக்காரர் எத்தனை பேர்? தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் வயலில் இறங்கும் கொழும்புக்காரர் எத்தனை பேர்? பூட்ஸ் போடுங்கள், காலில் புண்ணிருந்தால் இறங்காதீர்கள் என்று கிளினிக்கில் சொல்ல அரை நிமிடம் போதும்.

இன்னொன்று, அம்மாள் வருத்தம் என்று நாம் சொல்லும் கொப்புளிப்பான். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அம்மாள் வந்தால் வேப்பிலை கட்டுவார்கள், மருந்து எடுக்கமாட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் வரவில்லை. நானும் அந்த வீடுகளில் வளர்ந்தவன். சுகதேகியான பிள்ளைக்கு அது பெரும்பாலும் தானாக ஆறும். லுகேமியாவுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கோ அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கி உயிரைக் குடிக்கும். முதல் கொப்புளம் கண்ட நாளே அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். வேப்பிலையும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும் என்று தாய்மாரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

சிகிச்சைக்கு முன் செய்யவேண்டியவற்றை நாளைய அமர்வுகள் விரிவாகப் பார்க்கும். ஹெப்படைட்டிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகள், தடுப்பூசிகள், நீண்ட ஸ்டீரொயிட்டுக்கு முன் ஸ்ட்ரொங்கிலோய்டஸ் குடற்புழு எல்லாம் அங்கே வரும். அந்தப் புழு ஒருவர் குடலில் பல பத்தாண்டுகள் சத்தமின்றிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் விழுந்ததும் உடம்பெங்கும் பரவக்கூடியது. மருந்தின் தரமும் நம் பொறுப்புக்குள் வருகிறது. 2023இல் இம்யூனோகுளோபுலின் குப்பிகள் தரமற்றவை என்று தெரியவந்து வழக்காகியதை அனைவரும் அறிவீர்கள். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத பிள்ளைக்கு அந்தக் குப்பிதான் மாதாமாதம் உயிர். அதில் கைவைப்பதைவிடக் கொடிய களவு எனக்குத் தெரியாது.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மரபுக்கு உரிய நாம், நோயாளருக்கு நான்கு வரி தமிழில் எழுதிக் கொடுக்கத் தவறியிருக்கிறோம். யாரோ ஒருவரைக் குற்றம் சாட்டவில்லை. தமிழ் தெரிந்த நானும் அன்றைக்கு அந்த வார்ட்டில் இருந்தேன், அதற்கு முன் ஒரு தாள்கூட எழுதிக் கொடுத்ததில்லை.

நாளை மாலை கலைவதற்குள் சட்டைப்பைக்குள் அடங்கும் ஓர் அட்டையை இந்த அவை எழுதி முடிக்க வேண்டும். உடம்பு காய்ந்தால் வெப்பமானியால் பாருங்கள். 38க்கு மேலென்றால் பனடோல் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் ஓட்டோ பிடித்து வாருங்கள். வாசலில் இந்த அட்டையைக் காட்டுங்கள். வார்ட்டின் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு வரி இடம் விடுங்கள். வார்த்தையைத் திருத்தும் வேலையைத் தாதியரிடம் கொடுங்கள், நோயாளரின் பேச்சு அவர்களுக்குத்தான் தெரியும். முதல் ஆயிரம் அட்டைகளின் அச்சுச் செலவு என்னுடையது. விடுதிகளுக்கும் பாமசிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்கள் வேண்டும். வரக்கூடியவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.