கியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி நம் கையில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கார் ஓட்டும் பயிற்சி முடித்த உறுப்பினர்கள் சார்பில் பேசியது)



நாங்கள் ஐந்து பேர். கூட்டமைப்பு மூலமாகக் கார் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, இன்றைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. அடுத்த அணிப் பெண்களுக்கு எந்த வண்டியில் பயிற்சி கொடுப்பது? கியர் வண்டியிலா, ஆட்டோமேட்டிக் வண்டியிலா? "ஆட்டோமேட்டிக்கே போதும், பொம்பளைங்களுக்கு அதுதான் வரும்" என்று சில குழுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் எங்கள் அனுபவத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். ஆட்டோமேட்டிக் என்பது நமக்குப் புதுசு இல்லை. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-க்குக் கியர் கிடையாது. நம்மில் பாதிப் பேர் இன்று ஓட்டிவந்த ஸ்கூட்டருக்கும் கிடையாது. 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம் கொடுத்ததே, அதுவும் கியர் இல்லாத வண்டிக்குத்தான். முறுக்கினால் போகும், பிடித்தால் நிற்கும். அப்படிப் பழகிய கைக்குக் காரின் கிளட்சும் கியரும் பயமாகத்தான் இருக்கும். எங்களுக்கும் இருந்தது. முதல் நாள் பத்து தடவை என்ஜின் ஆஃப் ஆனது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்ததில் ஒரு அக்கா அழுதேவிட்டார்.

கியர் என்ன வேலை செய்கிறது?

மூட்டையோடு மேடு ஏறும்போது நாம் சின்ன அடியாக வைத்து, மூச்சுப் பிடித்து ஏறுவோம். சமதளம் வந்தால் எட்டி நடப்போம். கால் ஒன்றுதான், நடை மாறுகிறது. வண்டிக்கும் அப்படியே. கிளம்பவும் மேடு ஏறவும் இழுவை வேண்டும், அது முதல், இரண்டாம் கியர். ரோட்டில் ஓட வேகம் வேண்டும், அது நாலு, ஐந்து. இந்த மாற்றம் நடக்கும்போது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு நொடி வெட்டிவிட்டுச் சேர்ப்பதுதான் கிளட்ச். கியர் வண்டியில் இந்த வேலையை நம் இடது காலும் இடது கையும் செய்கின்றன. ஆட்டோமேட்டிக்கில் வண்டியே செய்துகொள்கிறது.

ஆட்டோமேட்டிக்கிலும் வகை இருக்கிறது. ஏ.எம்.டி. என்பதில் உள்ளே இருப்பது அதே கிளட்ச், அதே கியர் பெட்டிதான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன கம்ப்யூட்டரும் அதன் கருவியும் மாற்றிவிடும். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் இது நம் நாட்டில் சின்ன கார்களில் பரவியது. கியர் மாறும்போது ஒரு சின்ன இழுப்பு தெரியும். சி.வி.டி. என்பதில் படிப்படியான கியரே கிடையாது, நம் ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்டும் புல்லியும். இன்னொரு பழைய வகையில் கிளட்சுக்குப் பதில் எண்ணெயின் ஓட்டம் என்ஜினின் சக்தியைக் கடத்தும். அமெரிக்காவில் 1940 மாடல் காரிலேயே அது வந்துவிட்டது. இரண்டு கிளட்ச் வைத்த வகையும் உண்டு. கரண்டில் ஓடும் கார்களில் நாம் மாற்ற வேண்டிய கியரே இல்லை.

இரண்டு சம்பவங்கள்

எங்களில் ஒருவர் வேலை பார்த்த வீட்டில் ஆட்டோமேட்டிக் கார். லைசென்ஸ் எடுத்த பிறகு ஒரு வருஷம் அதை மட்டுமே ஓட்டினார். ஒரு நாள் ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். தெருவில் இருந்த ஒரே கார் கியர் வண்டி. "நீதான் டிரைவர் ஆச்சே, எடும்மா" என்றார்கள். எடுத்தார். வாய்க்கால் பாலம் ஏறும் மேட்டில் என்ஜின் ஆஃப் ஆகி, வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கைப்பிரேக்கை இழுத்ததால் வாய்க்காலுக்கு ரெண்டு அடி முன்னால் நின்றது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நம் சகோதரி மூன்று மாசம் ஸ்டியரிங்கையே தொடவில்லை.

இன்னொருவர் ஆறு வருஷம் கியர் வண்டி ஓட்டியவர். கல்யாண சவாரிக்கு முதல் தடவையாக ஆட்டோமேட்டிக் கிடைத்தது. வேகத்தைக் குறைக்க நினைத்ததும் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடியது. அங்கே இருந்தது பிரேக். கிளட்சை மிதிக்கிற மாதிரி முழுசாக மிதித்துவிட்டார். வண்டி அப்படியே நின்றது. பின் சீட்டில் இருந்த கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு நெற்றி வீங்கிவிட்டது. பின்னால் லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ரெண்டு பேருமே ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு வண்டியில் பழகிய கால் அடுத்த வண்டிக்கு அப்படியே பொருந்தாது. அதுதான் நாங்கள் கற்ற பாடம்.

இதில் சட்டம் நம்மைத் தடுக்காது என்பதையும் கவனிக்கணும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இருசக்கர வண்டிக்குத்தான் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று தனித்தனிப் பிரிவு. காருக்கு இலகுரக வாகனம் என்று ஒரே பிரிவு. ஜப்பானில் 1991-லிருந்து ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் உண்டு. இங்கே இல்லை. லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக, பழகாத வண்டியில் ஏறிவிடக் கூடாது. அதை நாமேதான் பார்த்துக்கொள்ளணும்.

மலையில் யார் கையில் வண்டி?

நம் கூட்டமைப்பில் பாதிக் குழு கொல்லிமலை மேலே, பாதி அடிவாரத்தில். காரவள்ளியிலிருந்து சோளக்காடு போக 70 கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பது அந்த ரோட்டில் இறங்கும்போதுதான் தெரியும்.

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கணும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டாம் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டால் போதும். நாலாம் கியரில் இறங்கி, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறும், கருகிய வாசனை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது.

ஆட்டோமேட்டிக்கில் 'டி'யில் போட்டுவிட்டால் வண்டி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். கீழே இருக்கும் வளைவு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? நாம் ஆக்ஸிலேட்டரை விட்டால், இறக்கத்தில் வேகம் கூடியதும் அது மேல் கியருக்குப் போய்விடலாம். அதற்குத்தான் அந்த வண்டியிலும் 'எம்', 'எல்', 'எஸ்', '2' என்று ஏதாவது ஒன்று கொடுத்திருப்பார்கள். மலை இறங்கும் முன்பே 'எம்'மில் போட்டு இரண்டாம் கியருக்குக் கொண்டுவரணும், அல்லது 'எல்' போடணும். கியர் வண்டி பழகியவருக்கு இது ஒரு தடவை சொன்னாலே புரிந்துவிடும். 'டி' மட்டுமே தெரிந்தவருக்கு அந்த எழுத்து எதற்கு என்றே தெரியாது.

இன்னொன்று. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் எந்த வண்டியிலும் வேண்டாம். இப்போதைய என்ஜின்களில் கியரில் இறங்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டதுமே பெட்ரோல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவாகும். பிடிமானமும் போய்விடும்.

ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களுக்கு

இடது காலுக்கு வேலை இல்லை. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வலது கால் மட்டும்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து, மிதித்துக்கொண்டே 'டி' அல்லது 'ஆர்' போடணும். பல வண்டிகளில் பிரேக்கை விட்டதுமே வண்டி தானாக ஊர்ந்து போகும். அதனால் 'டி'யில் விட்டுவிட்டு யாரிடமும் பேச இறங்காதீங்க. சில ஏ.எம்.டி. வண்டிகளில் நிறுத்துவதற்கான 'பி' கிடையாது. கைப்பிரேக்கை முழுசாக இழுக்காமல் கதவைத் திறக்கக் கூடாது.

ஏ.எம்.டி.யை மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியே நிறுத்தி வைக்காதீங்க, கிளட்ச் தேய்ந்து சூடேறும். பிரேக்கில் நிறுத்துங்கள். முந்தும்போதும் கவனம். கியர் வண்டியில் நாமே மூன்றுக்குக் குறைத்து உடனே இழுக்கலாம். இதில் மிதித்த பிறகு அது யோசித்துத்தான் குறைக்கும். அந்த ஒரு நொடியைக் கணக்கில் வைத்துதான் முந்தணும். பேட்டரி இறங்கினால் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பயன் இல்லை.

அப்படியானால் ஆட்டோமேட்டிக் கெட்டதா? இல்லவே இல்லை. டவுன் நெரிசலில் மணிக்கணக்காகக் கிளட்ச் மிதித்து முழங்கால் வலிக்கிறவருக்கு அது பெரிய உதவி. இடது காலில் பலம் குறைந்தவர்களுக்குக் கார் ஓட்டும் வாய்ப்பையே அது தருகிறது. புதிதாகப் பழகுகிறவரின் கவனம் முழுசாக ரோட்டில் இருக்கும்.

கணக்கும் பார்ப்போம். ஒரே மாடலில் ஏ.எம்.டி.க்குச் சுமார் 50 ஆயிரம் ரூபாய் கூட ஆகிறது. அந்த 50 ஆயிரத்தை 12 சதவீத வட்டியில் 60 மாதக் கடனாக எடுத்தால், குறையும் அசலுக்கு வட்டி போட்டாலும் மாதம் சுமார் 1,112 ரூபாய் கூடுதல் தவணை. மொத்தம் 66,700 ரூபாய்க்கு மேல். தினமும் நெரிசலில் ஓடுகிறவருக்கு அது நியாயமான செலவு. வாரம் ஒரு தடவை சந்தைக்குப் போகிறவர் யோசிக்கணும்.

பிழைப்பையும் பார்க்கணும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு, பயணிகள் வாகனத்தையும் ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி வேண்டாம் என்பதே அது. அப்படியென்றால் நம் லைசென்ஸ் மிளகு, வாழைத்தார் ஏற்றும் சின்ன லோடு வண்டிக்கும் செல்லும். அந்த வண்டிகள் பெரும்பாலும் கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் மட்டும் தெரிந்தால், சட்டம் திறந்துவிட்ட கதவை நாமே சாத்திக்கொண்ட மாதிரி ஆகும்.

எங்கள் வேண்டுகோள்

பயிற்சியைக் கியர் வண்டியில் ஆரம்பிக்கலாம். கடைசி மூன்று நாள் ஆட்டோமேட்டிக்கிலும் கட்டாயம் உட்கார வைக்கணும். மேட்டில் நிறுத்தி எடுப்பதும், மலை இறங்குவதும் இரண்டு வண்டியிலும் பழகணும். உடல் காரணத்தால் கிளட்ச் மிதிக்க முடியாதவர்களுக்கு முதலிலிருந்தே ஆட்டோமேட்டிக் கொடுக்கணும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. வாங்குவது எது என்பதை அவரவர் ரோடும், வேலையும், தவணை கட்டும் சக்தியும் பார்த்து அவரவரே முடிவு செய்யட்டும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். பிறகு சிலர் அதுதான் வசதி என்றார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதுதான் காரணம். பொம்பளைக்கு எது வரும் என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. தங்கள் வேலைக்கு எது உதவும் என்று பார்த்தார்கள்.

ஒரு காலத்தில் குழுவின் பாஸ்புக்கை வீட்டு ஆம்பளைகளிடம் கொடுத்து எழுதச் சொன்னோம். பிறகு நாமே எழுதப் பழகினோம். இன்றைக்குக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டாலும் தப்பு வந்தால் நமக்குத் தெரிகிறது, கையால் போட்டுப் பழகியிருக்கிறோமே! கியரும் அதே மாதிரிதான். தெரிந்துகொண்டு வண்டியிடம் விடுவது வசதி. வராது என்று பயந்து விட்டுவிட்டால், மேட்டில் வண்டி உருளும்போது கையில் ஒன்றும் இருக்காது.

மூன்று மாசம் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்த அந்தச் சகோதரி, பிறகு கியர் வண்டியில் மறுபடி பழகினார். இன்று எங்களோடு மேடையில் நிற்கிறார். கூட்டம் முடிந்ததும் மேல்நாட்டு உறுப்பினர்களை மலைக்கு அழைத்துப் போகப்போவது அவர்தான். நம்பி ஏறுங்கள்.