வாசகரை அறிந்த கடை, படைப்பாளியை மதித்த பதிப்பகம்



ஒரு தொழில் எதனால் வளர்கிறது, வளர்ந்த பிறகு எதனால் நிலைக்கிறது என்பவை கல்விக்கூடத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் விரைவில் எதிர்கொள்ளப்போகும் இரு கேள்விகளாகும். அவற்றுக்கு விடை தேடும் இவ்வுரை, வணிகவியல் நூல்கள் வழக்கமாகப் பேசும் பெரும் ஆலைகளையோ மென்பொருள் நிறுவனங்களையோ எடுத்துக்கொள்ளாமல், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சிறு காமிக்ஸ் கடையாகத் தொடங்கி, நாற்பதாண்டுகளில் அந்நாட்டின் முன்னணிப் பதிப்பகங்களுள் ஒன்றாக உயர்ந்த டார்க் ஹார்ஸ் காமிக்ஸின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறது. படக்கதை என்றால் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் எங்கும் உண்டு; ஆயினும் விற்பவர், படைப்பவர், படிப்பவர் ஆகிய மூவருக்கும் இடையே நிலவ வேண்டிய நேர்மையை இத்தொழிலின் வரலாறு காட்டுவதுபோல் தெளிவாகக் காட்டும் துறைகள் மிகச் சிலவே.

அந்தக் கடை தோன்றியதற்கான சூழலை முதலில் அறிதல் வேண்டும். 1970-களுக்கு முன்பு அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் பத்திரிகைக் கடைகளிலும் சுழலும் கம்பி அடுக்குகளில் வைத்து விற்கப்பட்டன. விற்காமல் நின்ற இதழ்களின் மேலட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பினால் அவற்றுக்கான தொகை கடைக்காரர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நட்டம் முழுவதையும் பதிப்பாளரே ஏற்றதால், எந்த இதழ் விற்கிறது, யார் வாங்குகிறார் என்று அறிய வேண்டிய தேவை கடைக்காரருக்கு எழவில்லை. 1970-களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே காமிக்ஸ் ஆர்வலர் மாநாடுகளை நடத்திவந்த ஃபில் சூலிங் என்பவர், பதிப்பாளர்களிடம் வேறொரு ஏற்பாட்டை முன்வைத்தார். கடைக்காரர் கூடுதல் தள்ளுபடியில் இதழ்களை வாங்கிக்கொள்வார். ஆனால் விற்காதவற்றைத் திருப்பித் தரமாட்டார். நேரடிச் சந்தை என்று பின்னர் பெயர்பெற்ற இம்முறைதான் காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக் கடைகளை நாடெங்கும் தோற்றுவித்தது.

போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓவியக் கலை பயின்ற மைக் ரிச்சர்ட்சன், 1980-ஆம் ஆண்டின் முதல் நாளில், ஆரிகனின் பெண்ட் என்னும் சிறு நகரில் அத்தகைய கடையொன்றைத் திறந்தார். கையிருப்பு முதல் ஏதுமின்றி, கடன் அட்டை அனுமதித்த 2,000 டாலரைக் கொண்டே அவர் கடை வைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. நேரடிச் சந்தையில் கடை நடத்துவது எத்தகைய பயிற்சி என்பதை, மாதந்தோறும் கடைக்காரர் நிரப்பும் கொள்முதல் பட்டியல் ஒன்றே விளக்கிவிடும். இரு மாதங்களுக்குப் பிறகு வெளிவரப்போகும் இதழ்களின் விவரங்கள் அப்பட்டியலில் இருக்கும். கதையைப் படிக்காமல், சில வரி அறிமுகத்தையும் ஓர் அட்டைப்படத்தையும் மட்டும் பார்த்து, எதில் எத்தனை படிகள் வேண்டும் என்று அவர் எழுத வேண்டும். குறைத்து எழுதினால் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். கூட்டி எழுதினால் எஞ்சிய படிகள் கடையிலேயே தேங்கி முதலை முடக்கும். ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளரும் தொடர்ந்து எதைப் படிக்கிறார், எந்த ஓவியருக்காக வருகிறார், எந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தினார் என்று நினைவில் வைத்திருப்பதும், அவரவர் பெயரிட்ட உறையில் உரிய இதழ்களை எடுத்து வைப்பதும் அத்தொழிலின் அன்றாட ஒழுக்கமாயின. சில ஆண்டுகளில் ஒரு கடை பல கடைகளாகப் பெருகி, பின்னாளில் திங்ஸ் ஃப்ரம் அனதர் வேர்ல்ட் என்னும் பெயரில் இயங்கியது. அதைவிடப் பெரிய ஆதாயம், வாசகர் மனத்தை நாள்தோறும் அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே ஊறியதுதான்.

கடைகள் ஈட்டிய வருவாயைக் கொண்டு பதிப்பகம் தொடங்க ரிச்சர்ட்சன் முனைந்தபோது, அமெரிக்க காமிக்ஸ் உலகம் ஒரு பழைய அநீதியைச் சுமந்துகொண்டிருந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் தாம் படைத்த சூப்பர்மேன் மீதான உரிமையை 1938-இல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். அப்பாத்திரம் அதை வாங்கிய பதிப்பகத்துக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தபோதும், அவ்விருவருக்கும் ஓர் ஆண்டுத் தொகையும் படைப்பாளர் என்ற பெயர்க் குறிப்பும் 1975-இல்தான் உறுதியாயின. எழுதியவரும் வரைந்தவரும் கூலிக்கு உழைப்பவர், படைப்பு முழுவதும் நிறுவனத்தின் சொத்து என்பதே அங்கு எழுதப்பட்ட விதியாக இருந்தது. மார்வெல் பதிப்பகத்தின் புகழ்பெற்ற பாத்திரங்கள் பலவற்றை உருவாக்கிய ஜாக் கிர்பி, தாம் தம் கையால் வரைந்த மூல ஓவியத் தாள்களைத் திரும்பப் பெறுவதற்கே 1980-களில் நெடிய போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. படைப்பாளியே தம் படைப்பின் உரிமையாளராக நீடிக்கலாம், வரும் ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற உறுதியுடன் ஓவியர்களை அணுகியது ரிச்சர்ட்சனின் புதிய பதிப்பகம். பெரிய நிறுவனங்களைப்போல் பணத்தை வாரி இறைக்க இயலாத ஒரு சிறு நிறுவனம், அவை தர மறுத்த உரிமையைத் தர முன்வந்தது.

ரிச்சர்ட்சனின் கடையில் பணியாற்றிய ராண்டி ஸ்ட்ராட்லியின் துணையுடன், 1986-ஆம் ஆண்டு ஜூலையில் டார்க் ஹார்ஸ் ப்ரெசென்ட்ஸ் என்னும் கறுப்பு வெள்ளை இதழ் வெளிவந்தது. ஒரே இதழில் பல படைப்பாளிகளின் தனித்தனிக் கதைகள் இடம்பெறும் தொகுப்பிதழ் அது. பால் சாட்விக் படைத்த காங்கிரீட் என்னும் பாத்திரம் அதில்தான் வாசகருக்கு அறிமுகமாயிற்று. 10,000 படிகள் விற்றால் போதும் என்று எண்ணி வெளியிட்ட முதல் இதழ் ஏறத்தாழ 50,000 படிகள் விற்றது. அக்காலத்தில் டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் என்னும் இதழ் பெற்ற வெற்றியைக் கண்டு எண்ணற்ற கறுப்பு வெள்ளை இதழ்கள் புற்றீசல்போல் கிளம்பி, அடுத்த ஆண்டே சந்தை சரிந்தபோது பெரும்பாலும் மறைந்தன என்பதை நோக்க, டார்க் ஹார்ஸ் தாக்குப்பிடித்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. தரமற்ற சரக்கு எத்தனை வாரங்களில் அலமாரியில் தேங்கும் என்பதைக் கடைக்காரராகக் கண்டறிந்தவர்கள், பதிப்பாளரான பின் அத்தகைய சரக்கை வெளியிடத் தயங்கினர்.

அடுத்த கட்ட வளர்ச்சி உரிமம் வழியாக வந்தது. உரிமம் என்பது, பிறருக்குச் சொந்தமான பாத்திரங்களையும் கதையுலகையும் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஒப்பந்தமாகும். திரைப்படங்களைத் தழுவிய காமிக்ஸ் அதுவரை பெரும்பாலும் படம் வெளியாகும் நேரத்தில் அவசரமாகத் தயாரிக்கப்பட்டு, படம் திரையரங்கை விட்டுப் போனதும் மறக்கப்பட்டுவந்தது. 1988-இல் மார்க் வெர்ஹைடன் எழுத, மார்க் நெல்சன் வரைந்த ஏலியன்ஸ் தொடரோ, திரையில் கண்டதைத் தாளில் திருப்பிச் சொல்லாமல், இரண்டாம் படம் முடிந்த இடத்துக்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று புதிய கதை சொன்னது. படம் பார்த்துவிட்டு வந்து, இதற்குமேல் என்ன என்று ஆவலுடன் கேட்கும் வாசகரைக் கடையில் நேரில் சந்தித்த ஒருவருக்குத்தான் இந்த எண்ணம் இயல்பாகத் தோன்றும். பிரிடேட்டர் கதைகளும், அவ்விரு கதையுலகங்களும் மோதும் தொடரும் அதைப் பின்தொடர்ந்தன. 1991-இன் இறுதியில் தொடங்கிய டார்க் எம்பயர் மூலம், மார்வெலின் தொடர் 1986-இல் நின்றபின் ஓய்ந்திருந்த ஸ்டார் வார்ஸ் காமிக்ஸ் மீண்டும் உயிர்பெற்றது.

உரிமக் கதைகள் ஈட்டிய வருவாய், படைப்பாளிகளின் சொந்தக் கதைகளுக்கு உரமாயிற்று. ஃப்ராங்க் மில்லரின் சின் சிட்டி 1991-இல் டார்க் ஹார்ஸ் ப்ரெசென்ட்ஸ் தொகுப்பிதழில் தொடங்கியது. மைக் மிக்னோலாவின் ஹெல்பாய் 1994-இல் தனித் தொடராக மலர்ந்தது. மில்லரின் 300 என்னும் வரலாற்றுக் கதை 1998-இல் வெளிவந்தது. ஜப்பானியப் படக்கதைகளான மாங்காவையும் அப்பதிப்பகம் 1980-களின் இறுதியிலிருந்தே ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. கசுவோ கொய்கே எழுதி கோசெகி கொஜிமா வரைந்த லோன் வுல்ஃப் அண்ட் கப் என்னும் நெடுங்கதையை முன்னர் வெளியிடத் தொடங்கிய வேறொரு நிறுவனம் முற்றுப்பெறாமலே நிறுத்திவிட, டார்க் ஹார்ஸ் 2000-ஆம் ஆண்டு முதல் அதைச் சிறிய கையடக்க நூல்களாக, 28 தொகுதிகளில் முழுமையாக நிறைவேற்றியது. 1992-இல் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டு, ஜிம் கேரி நடித்த தி மாஸ்க் 1994-இல் உலகெங்கும் பெருவெற்றி பெற்றது.

அவ்வாண்டுகளிலேயே காமிக்ஸ் தொழில் தன் வரலாற்றின் கடும் நெருக்கடிகளுள் ஒன்றைச் சந்தித்தது. பழைய இதழ்கள் பெரும் விலைக்குப் போவதைக் கண்டவர்கள், படிப்பதற்காக அன்றிப் பதுக்கி வைத்து விற்பதற்காகவே புதிய இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்கினர். எக்ஸ்-மென் தொடரின் 1991-ஆம் ஆண்டு முதல் இதழ் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் அச்சாகிப் போனது. எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு அரிய விலை கிடைக்காது என்ற உண்மை உறைத்ததும் சந்தை குலைந்தது. ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. தனக்கென ஒரு விநியோக நிறுவனத்தை வாங்கி ஏற்பாட்டையே மாற்றிய மார்வெல் 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்பை நாடியது. டார்க் ஹார்ஸ் உள்ளிட்ட பிற பதிப்பகங்கள் டைமண்ட் என்னும் ஒரே விநியோகஸ்தருடன் இணைந்தன. பதுக்குவோரின் பணத்தை வாசகரின் அன்பென்று மயங்கியவர்கள் வீழ்ந்தனர். படிப்பதற்காக வாங்குவோரைத் தக்கவைத்திருந்தவர்கள் அடிபட்டாலும் எழுந்தனர். ஒரே வழியை நம்பியிருப்பதன் அபாயமும் பின்னர் வெளிப்பட்டது. அந்த டைமண்ட் நிறுவனமே 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது.

இரவலாகப் பெற்ற சொத்துக்கும் சொந்தமாக வளர்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை இந்த வரலாற்றின் பிற்பகுதி ஐயத்துக்கிடமின்றி நிறுவுகிறது. 2012-இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை வாங்கிய பின், இருபதாண்டுகளுக்கும் மேலாக டார்க் ஹார்ஸ் பேணி வளர்த்த ஸ்டார் வார்ஸ் காமிக்ஸ் உரிமம் 2015-இல் டிஸ்னியின் மார்வெலுக்குச் சென்றது. ஏலியன்ஸ், பிரிடேட்டர் உரிமங்களும் 2020-இல் அவ்வாறே கைமாறின. உழைப்பில் குறை ஏதும் இல்லாதபோதும், எங்கோ நடந்த பெரும் வணிக ஒப்பந்தங்கள் அவற்றைக் கொண்டுசென்றன. ஆனால் ஹெல்பாய் எங்கும் போகவில்லை. விரும்பிய பதிப்பகத்துக்குத் தன் படைப்பை எடுத்துச் செல்லும் சுதந்திரம் மிக்னோலாவுக்கு இருந்தது. அச்சுதந்திரத்தைத் தந்த இடத்திலேயே அவர் தங்கி, அக்கதையுலகைப் பல தொடர்களாக விரித்தார். எழுதி வாங்கிய உரிமை சட்டத்தால் நிற்கிறது. மதித்து விட்டுக்கொடுத்த உரிமை நன்றியால் நிற்கிறது. 2022-இல் ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம் டார்க் ஹார்ஸை வாங்கியபோது, கடன் அட்டையில் தொடங்கிய கடையின் பெயர் பன்னாட்டு வணிகத்தில் மதிப்புள்ள சொத்தாக நின்றதற்கு, இவ்வாறு பல்லாண்டுகள் சேர்த்த நம்பிக்கையே அடிப்படை.

இதன் பயன் ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை என்பதும் கருதத்தக்கது. நியூயார்க்கைச் சுற்றியே இயங்கிய ஒரு தொழில், போர்ட்லாந்தை அடுத்த மில்வாக்கி என்னும் சிற்றூரில் டார்க் ஹார்ஸ் வழியாக வேர்கொண்டதால், ஓவியர்களும் பதிப்பாசிரியர்களும் வண்ணம் தீட்டுவோரும் எழுத்தமைப்போரும் அப்பகுதியில் குடியேறினர். டார்க் ஹார்ஸில் பணிபுரிந்த ஒருவரே பின்னர் போர்ட்லாந்தில் ஓனி பிரெஸ் என்னும் பதிப்பகத்தைக் கூட்டாகத் தொடங்கினார். தலைநகரங்களுக்குப் போனால்தான் தொழில் என்ற எண்ணத்துக்கு அவ்வூர் கண்கூடான மறுப்பாகும்.

இன்று பட்டம் பெறுவோருள் சிலர் தொழில் தொடங்குவர், சிலர் ஆட்சிப்பணியில் அமர்வர், சிலர் வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் பணிபுரிவர். எப்பணியாயினும், அதன் கடைசிப் பயனாளியை நேரில் கண்டு, அவர் கேட்பதையும் கேட்கத் தயங்குவதையும் அறிந்துகொள்ளும் சில ஆண்டுகளை வீணான காலம் என்று கருதாதிருத்தல் வேண்டும். மேசைக்கு இப்புறம் நின்று கற்பதைப் பின்னாளில் எந்த அறிக்கையும் கற்பித்துவிடாது. பிறர் தந்த வாய்ப்பில் வருவாய் ஈட்டும்போதே, அது ஒருநாள் திரும்பப் பெறப்படலாம் என்பதை உணர்ந்து, அவ்வருவாயில் ஒரு பங்கைச் சொந்தமாக வளரக்கூடியவற்றில் இட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறருடைய அறிவையும் கைத்திறனையும் கொண்டு உயரும் ஒவ்வொருவரும், அவர்களின் பெயரை மறைக்காமல், உரிய பங்கைக் குறைக்காமல், உரிமையைப் பறிக்காமல் நடந்துகொள்ள வேண்டும். 130 டாலருக்கு ஒரு தலைமுறையின் கற்பனையை வாங்கியவர்கள் ஈட்டிய செல்வத்தைவிட அவர்கள் இழந்த மதிப்பு பெரிது. இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் எதிரே அமர்ந்திருப்பவரும் நிமிர்ந்து எழுந்து செல்லட்டும்.