பெயர் தைத்த போர்வை



அகப்பாடலில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. புறப்பாடலில் நிலைமை வேறு. அங்கே பாரிக்குப் பெயருண்டு, அதியமானுக்குப் பெயருண்டு. ஊர்ப் பசுக்களை மீட்கப் போய் வீழ்ந்த வீரனுக்கும் நடுகல்லிலே பெயருண்டு.

இந்த விதியின் நுட்பத்தை விளக்குவதற்கு நெடுநல்வாடையை எடுத்துக்காட்டுவது வழக்கம். பிரிவுத் துயரைப் பாடும் அந்தப் பாட்டில் அரசனின் பெயர் எங்குமே இல்லை. ஆனால் பாசறையிலே வேலொன்றில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாள மாலை. ஆகவே ஆள் இன்னார் என்பது வெளிப்பட்டுவிட்டது, பாட்டும் புறமாகிவிட்டது என்று நச்சினார்க்கினியர் முடிவு கூறினார். ஒரு கொத்து வேப்பிலை அகத்தைப் புறமாக்கிவிட்டது!

உயர்தர வகுப்பிலே இந்தப் பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "ரீச்சர், செத்துப்போன ஒராளை நினைச்சு, அவரில அன்பு வைச்ச ஆள் அழுதால் அது அகமோ, புறமோ? பேரைச் சொல்லலாமோ?"

கையறுநிலை புறத்திணையில் வரும் துறை, ஆதலால் பெயரைச் சொல்லலாம் என்றேன். இலக்கணப்படி விடை அதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் காலத்திலேயே உருவான ஓர் உதாரணமும் உண்டு. அது ஏட்டில் எழுதப்பட்டதன்று, துணியில் தைக்கப்பட்டது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவிலே பழந்துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவிலே பஞ்சு வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் போர்வைக்குக் குவில்ற் என்று பெயர். கிராமத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடியிருந்து ஒரே போர்வையைப் பல கைகளால் தைத்து முடிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். எங்கள் வீடுகளில் தாயின் பழஞ்சேலையில் குழந்தைக்கு ஏணை கட்டினோமல்லவா? உடுத்துப் பழகிய துணிக்கு ஒரு மென்மையும் ஒரு மணமும் உண்டு. அந்த அருமையை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

1978ஆம் ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே மாநகர முதல்வர் ஜோர்ஜ் மொஸ்கோனியும் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலம் நடைபெற்றது. 1985ஆம் ஆண்டு ஊர்வலத்தின்போது, அந்த ஒரு நகரத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எயிட்ஸ் நோயால் மாண்டுவிட்டனர் என்ற செய்தி பரவியிருந்தது. ஊர்வலத்தை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவரான கிளீவ் ஜோன்ஸ், நோயால் இழந்த உறவினர், நண்பர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதும்படி வந்தவர்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வட்டைகளை ஏணி வைத்து ஏறி, மத்திய அரசாங்கக் கட்டடமொன்றின் சுவரிலே ஒட்டினார்கள். கீழே நின்று பார்த்தபோது அந்தச் சுவர் ஓர் ஒட்டுப் போர்வை போலத் தெரிந்தது. நினைவுப் போர்வை என்ற எண்ணம் பிறந்தது அப்படித்தான். முதல் துண்டை கிளீவ் ஜோன்ஸ் தம் நண்பர் மார்வின் பெல்ட்மனுக்காகச் செய்தார். 1987இல் அது ஒரு கூட்டு முயற்சியாக உருப்பெற்றது.

ஒவ்வொரு துண்டும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஒரு மனிதனைப் புதைக்கும் குழியின் அளவு அது. அந்த அளவுக்குப் பின்னால் ஒரு கொடுமை உண்டு. நோய் பற்றிய அச்சத்தால் அக்காலத்தில் அமெரிக்க மரணச்சடங்கு நிலையங்கள் பல இந்த உடல்களை ஏற்க மறுத்தன. சில குடும்பங்கள் தம் பிள்ளையைத் தம் பிள்ளையென்று சொல்லவே கூசின. கல்லறை மறுக்கப்பட்டவனுக்குக் கல்லறை அளவிலே ஒரு துணி! நடுகல் மரபில் வளர்ந்த எமக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

துண்டு தைப்பவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் எளியவை. இழுபடாத, நடுத்தரத் தடிப்புள்ள துணியை எடுக்க வேண்டும். ஓரம் மடித்துத் தைப்பதற்குச் சுற்றிவர இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விடவேண்டும். உள்ளே பஞ்சு அவசியமில்லை, பின்புறம் ஒரு துணி கொடுப்பது நல்லது. எழுத்துகளை வேறு நிறத் துணியில் வெட்டியெடுத்து மேலே வைத்துத் தைக்கலாம். பசை நாளடைவில் விட்டுவிடும், ஆகையால் தையலே சிறந்தது. எங்கள் பாடசாலை மனைப்பொருளியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, "விரிச்சு மடிச்சு, விரிச்சு மடிச்சுப் பாவிக்கிற துணியெண்டால் ஓரத்திலதான் உயிர் இருக்கு" என்றார். பல ஆண்டு ஊசி பிடித்த கையின் சொல் அது.

இத்தகைய எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் பன்னிரண்டடிச் சதுரம் ஒன்று வரும். சதுரங்களை அருகருகே விரித்தால் போர்வை வளரும்.

தைத்தவர்களில் பலர் முன்பின் ஊசி பிடித்தறியாதவர்கள். தாய்மார், தந்தையர், நண்பர்கள், தாதியர், இறந்தவரோடு வாழ்ந்த துணைவர்கள். பெயரோடு அவர்கள் எவற்றையெல்லாம் சேர்த்துத் தைத்தார்கள் தெரியுமா? அவர் போட்ட சேட்டு, நீளக் காற்சட்டை, கட்டிப்பிடித்துத் தூங்கிய கரடிப் பொம்மை, எழுதிய காதற் கடிதம், காரின் திறப்பு, கல்யாண மோதிரம், ஒரு கற்றைத் தலைமயிர், சில துண்டுகளில் சாம்பலும்கூட. நெடுநல்வாடையின் வேப்பந்தழை என் நினைவுக்கு வருவது இந்த இடத்திலேதான். ஒரு சட்டையின் பொத்தான் போதும், ஆள் இன்னாரென்று அவருடைய தாய்க்குத் தெரிந்துவிடும்.

1987 ஒக்டோபர் 11ஆம் திகதி வாஷிங்டன் நகரின் பெருந்திடலிலே 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. அந்த வார இறுதியில் ஐந்து இலட்சம் பேர் வந்து பார்த்தனர். வெள்ளையுடை அணிந்த தொண்டர்கள் மடிப்பு மடிப்பாக விரிக்க, ஒலிபெருக்கியில் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. உரை எதுவும் இல்லை, பெயர்கள் மட்டும். மறு ஆண்டு வெள்ளை மாளிகையின் முன்னே விரித்தபோது துண்டுகளின் தொகை 8,288 ஆகியிருந்தது. 1996இல் முழுப் போர்வையும் விரிக்கப்பட்டபோது பெருந்திடல் முழுவதையுமே அது மூடிற்று. இன்று சுமார் 50,000 துண்டுகள், 1 இலட்சத்து 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள், 54 தொன் எடை. அது பிறந்த சான் பிரான்சிஸ்கோவிலேயே இப்போது பாதுகாக்கப்படுகிறது.

நேயர்களே, இவ்வளவு பெயர்களுக்கு நடுவே என் மனம் தங்கிநிற்பது பெயரில்லாத ஒரு துண்டிலே. அதைத் தைத்தவர் தம் சகோதரனுக்காகத் தைத்தார். ஆனால் அவனுடைய பெயர் வெளியே தெரிவதைப் பெற்றோர் விரும்பவில்லை. அந்தச் செய்தியையும், இந்நோயாளரும் குடும்பத்தாரும் எத்தகைய அச்சத்தோடு வாழ்கிறார்கள் என்பதற்கு இந்த வெறுமையே சாட்சி என்ற கருத்தையும் அவர் அத்துணியிலேயே எழுதிவைத்தார்.

அகப்பாடலிலும் பெயர் இல்லை, இத்துணியிலும் பெயர் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அகப்புலவன் பெயரை விட்டது, அந்த அன்பு எல்லாருடைய அன்பாகவும் ஆகட்டும் என்பதற்காக. இங்கே பெயர் விடப்பட்டது, அந்த அன்பு ஒருவருக்கும் தெரியாமற் போகட்டும் என்பதற்காக. முன்னது மரபு, பின்னது அச்சம். பெயரின்மை ஒன்றேயாயினும் ஒன்று மனிதனைப் பெரிதாக்குகிறது, மற்றது அவனை அழித்துவிடுகிறது.

அமெரிக்கப் பத்திரிகைகளில் அக்காலத்தில் வந்த மரணச் செய்திகளிலும் இந்த அழிப்பு நடந்தது. நோயின் பெயர் மறைக்கப்பட்டது, கூடவே வாழ்ந்த துணைவரின் பெயர் விடுபட்டது. வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மைத்துனர் என்று பெயர்கள் தொடரும்போது அடுப்படியில் நிற்பவரும் கைவேலையை விட்டுச் செவிகொடுப்பார். அந்தப் பட்டியலில் வரவேண்டிய ஒருவரின் பெயர் வராமற் போனால், அவருக்கு அது இரண்டாவது மரணம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் நாட்டிலும் இந்த நோய்த்தொற்று 1980களின் பிற்பகுதியிலேயே இனங்காணப்பட்டது. இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 1996ஐ ஒட்டி வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயின் போக்கையே திருப்பிவிட்டது. ஒழுங்காக மருந்தெடுப்பவர் மற்றவர்களைப் போலவே வேலை செய்து, குடும்பம் நடத்தி, நீண்டகாலம் வாழலாம். தொட்டால் ஒட்டாது, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் ஒட்டாது. உடலுக்கு மருந்து வந்துவிட்டது. ஊர் வாய்க்கு மருந்து இன்னும் வரவில்லை. சிகிச்சை நிலையத்துக்குப் போவதைத் தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவாரோ என்று ஒருவர் அஞ்சும் வரைக்கும், பெயரில்லாத அந்தத் துண்டு எங்கள் நடுவிலும் விரிந்துதான் கிடக்கிறது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அகமா, புறமா? இந்தப் போர்வையை வைத்துக்கொண்டு நான் சொல்லக்கூடிய விடை இது. துண்டைத் தைக்கும்போது அது அகம். நள்ளிரவிலே ஒருவர் தனியாக இருந்து, இறந்தவரின் சட்டையை மடியில் வைத்து ஊசி கோக்கும் வேளையில் அங்கே ஊருமில்லை, உலகமுமில்லை. பெயரைத் தைத்துப் பிறருடைய துண்டோடு இணைத்துத் திடலிலே விரித்த கணத்தில் அது புறம். அகத்துயரைப் புறத்திலே வைக்கும் துணிவு இருக்கிறதே, அதற்குத்தான் அந்த மூன்றடியும் ஆறடியும்.

தமிழிலே நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தது நன்னூல். அமெரிக்கத் தாயொருத்தி துணியிலே தன் மகனின் பெயரைத் தைத்தபோது அவளும் நூல் செய்தாள். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்காக அவள் வெட்கப்படவில்லை.

எங்கள் ஊரிலும், குடும்பத்திலும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் கிடக்கும் பெயர் ஏதேனும் இருந்தால், இன்றிரவு வீட்டிலே அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.