ஏழு நாளில் இத்தனை விசேஷமா?

(20.7.2025 ஞாயிறு மாலை, நம் குடியிருப்பின் மொட்டை மாடிக் கூட்டத்தில் பேசியது)

லிப்ட் பராமரிப்பு, போர்வெல் மோட்டார், பார்க்கிங் தகராறு மூன்றையும் செயலாளர் பேசி முடித்துவிட்டார். அதற்குப் பிறகும் யாரும் எழுந்து போகவில்லை என்றால், சுண்டல் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அது வரும்வரை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று ஆடி நாலு. ஆடியில் நாம் நல்ல காரியம் எதுவும் வைப்பதில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு மட்டும்தான் விசேஷம். ஆனால் ஜூலை 18 தொடங்கி 24 வரை உள்ள ஏழு நாளைப் பாருங்கள். சரித்திரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

முந்தாநாள், 18. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் இதே நாளில்தான் ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. பெயர் அன்றைக்கே மாறிவிடவில்லை. நாடாளுமன்றம் 1968இல் சட்டம் போட்டது. 1969 ஜனவரி 14 அன்று அமலுக்கு வந்தது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், விண்ணப்பித்த தேதி ஒன்று, சாங்ஷன் ஆன தேதி ஒன்று, பணம் கைக்கு வந்த தேதி ஒன்று. போதாததற்கு 1956இல் மொழிவாரி மாநிலம் அமைந்த நவம்பர் 1 வேறு இருக்கிறது. 2021இல் அரசு ஜூலை 18தான் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது. கடன் வாங்கியவரைக் கேட்டால் பணம் வந்த தேதியைத்தான் சொல்வார். அரசு விண்ணப்பித்த தேதியை எடுத்துக்கொண்டது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆசைப்பட்டு வாய் திறந்து கேட்ட நாள் அல்லவா!

நேற்று 19. இது என் சொந்த விசேஷம் மாதிரி. 1969 ஜூலை 19, சனிக்கிழமை. 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமை ஆக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி. மறுநாளே அவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டார், குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக. கடைசி நாளில் பெரிய பைலை முடித்துவிட்டுப் போகும் அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய பைலைப் பார்த்ததில்லை.

1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. நாலே நாளில், 14ஆம் தேதி, இன்னொரு அவசரச் சட்டம் வந்தது. அது எந்தத் தேதியிலிருந்து அமல் தெரியுமா? 1969 ஜூலை 19 முதல்! முன்தேதி போட்டு எழுதுவதை நாங்கள் செய்தால் சஸ்பெண்ட், அரசாங்கம் செய்தால் சட்டம்.

சிரித்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். அன்றைக்கு நாடு முழுவதும் வங்கிக் கிளைகள் சுமார் 8,200. 1991இல் 60,000ஐத் தாண்டிவிட்டது. அதில் ஏதோ ஒரு கிளையில் ஒரு ஸ்டூல் எனக்கும் கிடைத்தது.

இன்று 20. நிலாவில் மனிதன் இறங்கிய நாள் என்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவுக்கு அது 20. நமக்கு 21. நம் கடிகாரப்படி கலம் இறங்கியது 21ஆம் தேதி அதிகாலை 1.47க்கு, ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது திங்கட்கிழமை காலை 8.26க்கு. அதாவது, வங்கிகள் அரசுடைமையான பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. மானேஜர்கள் புதிய முதலாளி எப்படி இருப்பாரோ என்று யோசித்தபடி வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் மேலே ஒருவர் நிலாவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

தேதி என்பதே இப்படித்தான், நிற்கிற இடத்தைப் பொறுத்தது. எங்கள் கிளையில் கணக்குத் தொடங்க வரும் பெரியவர்களில் பாதிப்பேர் ஜூன் 1இல் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது.

22, 1947இல் அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை ஏற்றுக்கொண்ட நாள். 24, 1991இல் மன்மோகன் சிங் அந்தப் பிரபலமான பட்ஜெட்டைப் போட்ட நாள். 1969இல் சாத்திய கதவை, 22 வருடம் கழித்து அதே வாரத்தில் திறக்க ஆரம்பித்தார்கள். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் தொழிற்சங்கக் கூட்டம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

21ஐத் தாண்டிவிட்டேனே என்று பார்க்கிறீர்கள். 2001இல் சிவாஜி கணேசன் மறைந்தது அன்றுதான். அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். சிவாஜி என்றதும் எனக்கு 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’தான். அதில் வ.உ.சி.யாக சிவாஜி, சுப்பிரமணிய சிவாவாக டி.கே.சண்முகம். அந்தச் சிவா காலமானது 1925 ஜூலை 23. எங்கே? நம் பாப்பாரப்பட்டியில். வருகிற புதன்கிழமையோடு சரியாக நூறு வருடம்.

வத்தலகுண்டில் 1884இல் பிறந்தவர். 1908இல் வ.உ.சி.யோடு கைதானார். அவர் செய்த குற்றம் மேடையில் பேசியது. பத்து வருடம் தண்டனை. அப்பீலில் ஆறாகக் குறைந்தது. சிறையிலேயே தொழுநோய் வந்துவிட்டது. 1912இல் வெளியே வந்தார், ‘ஞானபாநு’ பத்திரிகை நடத்தினார். அதில் பாரதியும் எழுதினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடுத்தது. மனிதர் நடந்தார். புண்ணுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்து போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923இல் வங்காளத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூன் 16இல் தாஸ் காலமானார். அடுத்த மாதமே சிவாவும். வயது 40.

ஜூலை 23, அவர் குருவாக நினைத்த திலகரின் பிறந்த நாள். இரண்டு வருடம் கழித்து, 1927இல், அதே ஜூலை 23 அன்றுதான் பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் முதல் வானொலி நிலையம் திறந்தார்கள். குரல் ஒன்றையே சொத்தாக வைத்திருந்த மனிதர், அது காற்றில் போகும் காலம் வருவதற்குள் போய்விட்டார்.

அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் நான் நாலு வருடம் இருந்தேன். முதியோர் பென்ஷன் வாங்க ஒரு பெரியவர் வருவார். விரல்கள் பாதிதான் இருக்கும். வரிசையில் நிற்கமாட்டார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கூட்டம் கலைந்த பிறகுதான் உள்ளே வருவார். அவருக்கு நோய் எப்போதோ குணமாகிவிட்டது. கைரேகை வைக்க முடியாதவர் கால் கட்டைவிரல் ரேகை வைக்கலாம் என்று விதி இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் இரண்டு சாட்சிகள் முன்னால் ஒரு குறி போட்டால் போதும். விதி அவரை உள்ளே விட்டது, வரிசைதான் விடவில்லை. “நீங்க முன்னாடியே வாங்கய்யா” என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். “இருக்கட்டும் சார், சனம் சங்கடப்படும்” என்பார்.

இன்றைக்கு இந்த நோய்க்குக் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆனால் தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்ததை எடுத்தது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 2019இல்.

சரி. பாப்பாரப்பட்டியில் சிவாவின் மணிமண்டபத்துக்குப் போனவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். மூன்று பேர். ஒகேனக்கல்லுக்குப் போனவர்கள்? வேண்டாம், கையை இறக்குங்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு கேட் பக்கத்தில் இருப்பேன். நான் பஸ்ஸில் போகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார் எடுப்பவர்கள், வண்டியில் எத்தனை இடம் காலி என்று இன்று ராத்திரியே குழுவில் போட்டுவிடுங்கள், முட்டிவலி உள்ளவர்களுக்கு உதவும். பள்ளிக்கூடம் உண்டு என்பதால் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கூட்டிப் போகலாம். டிபன் வேண்டுமானால் கட்டிக்கொண்டு வாருங்கள்.