பரண்மேல் கிடக்கும் பாடம்



என் கையில் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன. இது படி, இது உழக்கு, இது ஆழாக்கு. எங்கள் வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்தவை. இவை எப்படி வகுப்புக்குள் வந்தன என்று சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் கால், அரைக்கால் இரண்டையும் பின்னமாகக் கரும்பலகையில் எழுதி, எது பெரியது என்று கேட்டேன். எட்டில் ஒன்றுதான் பெரியது என்று வகுப்பே சொன்னது. நாலைவிட எட்டு பெரிது அல்லவா? விதியை விளக்கினேன், ஒப்புவித்தார்கள். மறுநாள் மூன்றில் ஒன்றா, ஆறில் ஒன்றா என்று கேட்டால், ஆறில் ஒன்றாம்! குறை பிள்ளைகளிடம் இல்லை. பொருளைக் காட்டாமல் குறியை மட்டும் காட்டியிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் இந்த மூன்றையும் துடைத்து எடுத்துப்போனேன். பள்ளி வாசலில் மணல் குவிந்திருந்தது. "படியை நிரப்பு கண்ணு" என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொன்னேன். ஆழாக்கால் அள்ளி அள்ளிப் போட்டாள். எட்டாவது தடவைக்குத் தலை தட்டி நின்றது. உழக்கால் போட்டாள், நாலிலேயே நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆழாக்கைத் தூக்கி உழக்குக்குள் வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நெறையத் தடவ ஊத்தோணும்னா அது சின்னதுதானுங்க சார்." அன்றைக்கு நான் விதி எதுவும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்த விதி அது. அதன்பிறகு அந்த வகுப்பு அதில் தவறவே இல்லை.

அந்தக் கொஞ்ச நேர மௌனத்துக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்தேன். பிள்ளை யோசிக்கும் நேரம் அது. நாமோ பொறுக்கமாட்டாமல் விடையை ஊட்டிவிடுகிறோம்.

இதை முதலில் சொன்னவன் நானல்ல. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பி.கே. சீனிவாசன். காகிதத்தை மடிக்கவைத்தும் நாட்காட்டியின் கட்டங்களில் எண்களைக் கூட்டவைத்தும் பிள்ளைகளுக்குக் கணக்கைக் காட்டியவர். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் பெயரில் கணித அருங்காட்சியகம் உருவானதில் அவருடைய உழைப்பு உண்டு. ராமானுஜன் குடும்பம் கும்பிட்ட நாமகிரித் தாயார், நம் நாமக்கல் தாயார்தான். ராமானுஜன் காகிதம் வாங்க வசதியில்லாமல் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கண்டுபிடித்த முடிவுகளைத்தான் உலகம் இன்றும் படிக்கிறது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. நான்கே வருடத்தில் அதன் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் மாநிலம் முழுவதும் போய்ச் சேர்ந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பாடம். இவற்றை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில் கணித உபகரணப் பெட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. தொலைந்தால் பதில் சொல்லவேண்டுமே என்ற பயம். மணிச்சட்டத்தில் தூசி படிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகள் கைபட்டு உடைந்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பெட்டிக்கு வெளியேயும் கணக்கு இருக்கிறது. சோளக்காட்டுச் சந்தையில் அப்பாவோடு அன்னாசி விற்கும் பையனைப் பாருங்கள். மூன்று பழம் நூறு ரூபாய் என்றால் ஏழு பழத்துக்கு எவ்வளவு என்று நொடியில் சொல்வான். ஒரு பழம் அடிபட்டிருந்தால் அதற்கு எவ்வளவு குறைக்கலாம் என்றும் யோசிப்பான். அதே பையன் நோட்டில் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுகிறான். "எனக்குக் கணக்கு வராது" என்கிறான். வராதது கணக்கா, நாம் அதைக் கொடுத்த விதமா? பல்லாங்குழியில் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே எண்ணும் பாட்டிக்கும், ஆடுபுலியில் பதினைந்து ஆட்டை வைத்து மூன்று புலியை மடக்கும் தாத்தாவுக்கும் கணக்கு வராது என்று யார் சொல்லமுடியும்?

ஒன்று கேட்கிறேன். உங்கள் பரணில் படி, வள்ளம், பழைய தராசு, பல்லாங்குழிப் பலகை ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். அத்தோடு, வாரம் ஒருநாள் நீங்களும் வாருங்கள். நெல்லும் சாமையும் அளந்த கை எப்படி அளந்தது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். இந்த மூன்று பாத்திரத்தையும் நான் இன்றைக்கே இந்தப் பள்ளியில் விட்டுப்போகிறேன். இவற்றைப் பூட்டி மட்டும் வைக்காதீர்கள்.

கண்ணுகளா, அந்த வேப்பமரத்தடியைப் பாருங்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மூன்று லிட்டர் தூக்குவாளி ஒன்று, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எனக்குச் சரியாக நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும். வேறு அளவு கிடையாது, கோடும் போடக்கூடாது. தண்ணீர் சிந்தட்டும், சட்டை நனையட்டும், பத்துத் தடவை தப்பாகட்டும், பரவாயில்லை.

பெரியவர்களே, விடை தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். போங்கள் கண்ணுகளா, தொட்டி நிரம்பியிருக்கிறது.